கிழக்குச் சிங்கம் வாய் மூடிய கதை

அக்டோபர் 27, திங்கள்

இந்த நோட்டில் வரப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, முத்தரசன்கோட்டை கருப்பட்டி வியாபாரிகள் சங்கத்தின் முன்னாள் எழுத்தரும் இந்நாள் காவலரும் மாடியறைவாசியுமாகிய பூதலிங்கம் என்னும் நான், சங்கத்தின் காலஞ்சென்ற தலைவர்கள் பதினொரு பேரின் படங்களுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். படங்களில் மூன்றைக் கரையான் தின்றுவிட்டது. ஆகவே சத்தியம் எட்டுப் பேர் அளவுக்குத்தான் செல்லும்.

நோட்டைக் கொடுத்தது என் அக்காள் மகள் ஆவுடைநாயகி. நகராட்சியில் பொறியாளர். நாற்பத்தொரு வயதுதான், ஆனால் அறுபத்தேழு வயதான என் முகத்தைவிட அவள் முகம் களைத்திருக்கிறது. சங்கக் கட்டடத்தின் கிழக்குச் சுவரில் விரிசல் கண்டிருக்கிறது, இடிக்க வேண்டும் என்று யாரோ மனுப் போட்டார்கள். அவள் இடிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடாமல் நாற்பது நாள் தவணை வாங்கியிருக்கிறாள். இன்று காலை ஏணியோடு வந்து, விரிசல்களுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிச் சில்லுகளை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் குழைத்து அப்பி, ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் கறுப்புப் பெயிண்டில் எழுதினாள். நான்கு பக்கச் சுவர்களிலுமாக மொத்தம் பன்னிரண்டு. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். கண்ணாடிக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. அதனால்தான் அதை நம்புகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் பன்னிரண்டும் தாங்கிவிட்டால் கட்டடம் பிழைத்தது. ஒன்று உடைந்தாலும் ஆட்களை வெளியேற்றிவிட்டு இடிப்பதுதான். தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்து எழுத வேண்டியது என் பொறுப்பு.

"ஒரு நாளைக்கு ஒரு வரி போதும் மாமா. முழுசா இருக்கு, இல்லன்னா உடைஞ்சிருக்கு. கதை வேண்டாம்" என்றாள்.

என் பெயரையும் பட்டங்களையும் எழுதவே ஒன்றரை வரி ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததா?

இன்று: பன்னிரண்டும் முழுசு.

அக்டோபர் 28, செவ்வாய்

பன்னிரண்டும் முழுசு.

நாளைக்கு வெளியூர் அதிகாரி யாராவது இந்த நோட்டைப் படிக்க நேர்ந்தால் ஊர் விளங்க வேண்டும். முத்தரசன்கோட்டையில் கோட்டை கிடையாது. இருந்தது. இப்போது கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால் பதினைந்தடி நீள மதில் துண்டு ஒன்று இருக்கிறது. அதன்மேல் யாருடையதோ வேட்டி காய்கிறது. இருந்தாலும் நான்கு தெருக்களை மட்டும் இன்றைக்கும் 'கோட்டைக்குள்' என்றுதான் சொல்கிறோம். பஸ் நிலையம், கல்லூரி, நகைக்கடைகள் எல்லாம் எங்கள் கணக்கில் ஊருக்கு வெளியே.

கோட்டைக்குள் கச்சேரித் தெருவில் பழைய தாசில் கச்சேரி. அதன் தூண் ஒன்றைக் கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டும். நான் ஏழு என்று சொல்வது வழக்கம். தெற்கே மரத்துண்டு ஒன்றுகூட இல்லாமல் கல்லாலேயே எழுப்பிய பள்ளிவாசல். வடக்கே, உப்பு மூட்டைகள் அடுக்கிவைத்த பழைய உப்புக் கிட்டங்கி. அதன் சுவரில் இன்றும் கைவைத்தால் ஈரம் ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். இது உண்மை என்பதால் ஒருவரும் ரசிப்பதில்லை. நடுவே எங்கள் சங்கக் கட்டடமான கருப்பட்டி மாளிகை. சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு இடித்த சாந்தில் கட்டியது. அறுநூறு வண்டிக் கருப்பட்டி செலவானதாக ஆவணம் சொல்கிறது. ஆவணத்தை எழுதியது நான்தான். சிறுபிள்ளையாக என் தோளில் இருந்தபோது ஆவுடை இந்தச் சுவரை நக்கிப் பார்த்துவிட்டு, இனிக்குது மாமா என்று சொன்னாள். அப்போது அவளுக்கும் கொஞ்சம் பொய் வரும்.

மாடியின் விளிம்பில் எட்டுச் சிங்கத் தலைகள். மொட்டைமாடியில் விழும் மழை முழுவதும் அவற்றின் வாய் வழியாகத்தான் தெருவில் கொட்டும். ஏழு சிங்கங்கள் சேர்ந்து கொட்டும் சத்தம் இலங்கை வரை கேட்கும். கிழக்குச் சிங்கம் மட்டும் வாய் திறக்காது. கீழே தாழ்வாரத்தில் பூக்கட்டும் ஒரு பெண்ணின்மேல் தன் வாய்த் தண்ணீர் தெறிக்கிறதே என்று கூச்சப்பட்டு, ஓர் ஐப்பசி மாதம் தானாகவே வாயை மூடிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷ விரதம். சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இதைக் கேட்டுப் பயபக்தியோடு குறித்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 29, புதன்

பன்னிரண்டும் முழுசு. முழங்காலில் வலி. மாடிப்படி முப்பத்தொன்றுதான். இன்றைக்கு மூவாயிரம் மாதிரி இருந்தது.

பூக்காரிகள் இன்றுதான் கண்ணாடிகளைக் கவனித்தார்கள். ஒன்பது பெண்கள். தோவாளையிலிருந்து முதல் பஸ்ஸில் பூ வந்ததும் கிழக்குத் தாழ்வாரத்தில் வட்டமாக உட்கார்ந்து மதியம் வரை கட்டுவார்கள். காரணம், கருப்பட்டி மாளிகையின் குளிர்ச்சி. சுவர் இரண்டரையடிக் கனம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பிச்சி மொட்டு மொட்டாகவே இருக்கும். மூன்று மணி நேரம் கூடுதலாகத் தாங்கும். மூன்று நாள் என்று நான் சொல்வேன்.

தலைவி இசக்கியம்மாள். வயது ஐம்பத்தெட்டு, புருஷன் போய் இருபத்தாறு வருஷம். சுவரோரம் அவளுக்கென்று ஒரு பலாப்பலகை உண்டு. வேறு யாரும் அதில் உட்கார முடியாது. ஏழாம் எண் கண்ணாடி சரியாக அந்தப் பலகைக்கு மேலே இருக்கிறது. அவள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"என்ன அண்ணாச்சி, சுவத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கு? மருந்த உள்ளுக்குக் குடுக்கப்பிடாதா?"

விவரம் சொன்னேன். ஒன்பது பேரும் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இசக்கி நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு, குரலை இறக்கி, "இது போச்சுன்னா பூவ எங்க கொண்டுபோய் வைக்க? ரோட்டுல வச்சா ஒம்பது மணிக்கெல்லாம் விரிஞ்சிரும். விரிஞ்ச பூவ எவ வாங்குவா? கண்ணாடிய நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். அரசகட்டளையை ஏற்கும் தளபதியைப் போலத் தலையும் வணங்கினேன். சிரித்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

பன்னிரண்டும் முழுசு. ஆவுடை வந்து தானே ஒருமுறை பார்த்தாள். ஞாயிறுதோறும் வருவாளாம். மழைக்கு முன்னால் மாடித் தூம்பு எல்லாவற்றிலும் அடைப்பு எடுத்துவிடச் சொன்னாள். ஏழு சிங்கங்களின் வாயிலிருந்தும் ஆலங்கன்று, கோழி இறகு, பிளாஸ்டிக் கோப்பை எல்லாம் எடுத்தேன். எட்டாவதற்கு வேலை இல்லை.

நவம்பர் 3, திங்கள்

பன்னிரண்டும் முழுசு.

நவம்பர் 4, செவ்வாய்

முழுசு. மழை தொடங்கிவிட்டது. துவைத்த துணி காயவில்லை.

நவம்பர் 6, வியாழன்

முழுசு. உலகம் அழியும் பிரளயம் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை ஓயவில்லை என்றாலும் மனசு ஓய்ந்துவிட்டது. சாதாரண மழை. ஆனால் நிற்காத மழை. மாடியில் கிழக்கு மூலையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. துடைப்பத்தால் தள்ளினேன். தள்ளத் தள்ள அங்கேயே வந்து நின்றது. இறங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

பன்னிரண்டும் முழுசு.

காலையில், படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் சேசையாவின் கடைக்குப் போனேன். மூன்று கடவுள்களும் இரண்டு காலஞ்சென்றவர்களும் சட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்களை முந்திக்கொண்டு என் வேலையை முடித்துத் தந்தார். என்ன வேலை என்பது இந்த நோட்டுக்குச் சம்பந்தமில்லாதது. கட்டைவிரலில் ஒரு வெட்டு. யுத்தத்தில் பட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

ஆவுடையின் கையெழுத்தில் இரண்டு என்ற எண் வாத்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தானாம். இத்தனை வருஷமாகக் கவனித்ததில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பன்னிரண்டும் முழுசு.

நவம்பர் 13, வியாழன்

பன்னிரண்டும் முழுசு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், ஏழாம் எண் மிக நன்றாக இருக்கிறது. பன்னிரண்டிலும் அதுதான் திடகாத்திரம்.

ஐப்பசி முகூர்த்தம் வரிசையாக வருவதால் பூக்காரிகள் விடியும் முன்பே வந்துவிடுகிறார்கள். கல்யாண மாலைகள் சுவரோரம் மலைபோல் குவிந்துகிடக்கின்றன. இசக்கி சுவரில் சாய்ந்துகொண்டுதான் கட்டுகிறாள். சாயாமல் உட்கார்ந்தால் முதுகுக்கு நல்லது என்று சொன்னேன். "வைத்தியம் வேற தெரியுமோ" என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷம் குற்றால மலையில் சித்தர் ஒருவரிடம் படித்தேன் என்றேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

பன்னிரண்டும் முழுசு.

ஆவுடை வந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவள் ஏழாவதில் நின்றாள். இது மட்டும் ஏன் இப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டாள். தினமும் துடைக்கிறேன் என்றேன். மற்றதையெல்லாம் ஏன் துடைக்கவில்லை என்றாள். ஏழு எனக்கு ராசியான எண் என்றேன். என் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். குடையை மடக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் உட்காருவாள்.

அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருப்பவர்கள், சொந்தக்காரர் குடியிருக்கும் கட்டடம் என்பதால் இழுத்தடிக்கிறாள் என்று பேசுகிறார்களாம். அதை ஒரு புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தேன். நன்றாக இல்லை என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

பன்னிரண்டும் முழுசு. சேசையா, "ஒரே அளவுல எதுக்கு அண்ணாச்சி ரெண்டாவது தடவ?" என்று கேட்டார். வீட்டில் ஒரு நோயாளி இருப்பதாகச் சொன்னேன்.

நவம்பர் 19, புதன்

முழுசு.

பூக்காரிகளை மேற்குக் கூடத்துக்கு மாற்றுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. காரணம் ஒன்றுமில்லை. ஒரு மாறுதலுக்குத்தான். கிழக்குத் தாழ்வாரத்தில் பதினெட்டடி நாகம் ஒன்று உலவுகிறது, நேற்றுத்தான் என் கண்ணால் கண்டேன், தலையில் மாணிக்கம் இருந்தது என்று அறிவித்தேன். மாணிக்கத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதனால்தான் கெட்டது. ஒருத்தி, அதைப் பிடித்துக் கொடுத்தால் மகளுக்குக் கம்மல் செய்யலாம் என்றாள். இசக்கி தலை நிமிரவே இல்லை.

நவம்பர் 20, வியாழன்

முழுசு. சங்கத்தின் இரண்டாம் தலைவர் ஆவியாக வந்து கிழக்குத் தாழ்வாரத்தில் கணக்கு கேட்பதாகச் சொன்னேன். வெற்றிலை இருந்தால் அவருக்கும் எங்களுக்கும் கொடுங்கள் என்றார்கள். மேற்குக் கூடத்தில் மதிய வெயில் அடிக்கும், பூ வாடும் என்று இசக்கி சொன்னாள். அவள் சொல்வது சரி.

நவம்பர் 21, வெள்ளி

முழுசு. அவர்கள் வரும் முன்பு தாழ்வாரத் தரையில் ஆறு வாளித் தண்ணீர் ஊற்றிவைத்தேன். இசக்கி துடைத்துவிட்டுப் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். "குளுகுளுன்னு இருக்கு அண்ணாச்சி, தினமும் ஊத்துங்க" என்றாள்.

இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்பது வருஷமாக இந்தக் கோட்டைக்குள் நான் சொன்ன எதையும் ஒருவரும் நம்பியதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இன்று அது எங்கே போனது என்று தேடினேன். கிடைக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஆவுடை வந்தாள். இன்றைக்கு ஏணி கொண்டுவரவில்லை. என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, அதன்பின் கட்டடம் பாதுகாப்பானது என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் சுவர நம்பிப் போடல மாமா. உங்க நோட்ட நம்பித்தான் போடப்போறேன். ஒரு தடவ கேக்கேன், ரெண்டாவது தடவ கேக்க மாட்டேன். பன்னெண்டும் முழுசா இருக்கா?"

நான் அவளுக்கு ஆயிரம் கதை சொல்லியிருக்கிறேன். யானை முட்டையிடுவதைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் தகப்பனார் இறந்தபோது, அவர் கப்பலில் போயிருக்கிறார் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதைச் சொன்னபோதும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

இருக்கிறது என்று சொன்னேன். ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

சரி என்று எழுந்து போனாள். படியில் அவள் இறங்கும் சத்தம் முப்பத்தொன்றும் கேட்டது.

நவம்பர் 24, திங்கள்

பன்னிரண்டும்

நவம்பர் 25, செவ்வாய்

நேற்றைய வரியை முடிக்கவில்லை. இன்றும் முடிக்கப்போவதில்லை.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு ஏழாம் எண் மூன்றாவது தடவையாக உடைந்திருந்தது. முந்தைய இரண்டு தடவையும் கீறல்தான் விட்டிருந்தது. இந்த முறை இரண்டு துண்டாகி, நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. சேசையா கடைக்குப் போகும் வழியில் கச்சேரித் தூண் ஒன்றில் சாய்ந்து நின்றேன். வெகுநேரம் நின்றேன். கடைக்குப் போகாமல் திரும்பிவிட்டேன்.

நான் திரும்பும் முன்பே பூக்காரிகள் அன்றைய பூவைக் கட்டி முடித்துப் போய்விட்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்று விடிகாலை அவர்கள் வருவதற்குள் இறங்கி இசக்கியின் பலகையில் நான் உட்கார்ந்துகொண்டேன். வந்தவர்கள் கூடையை இறக்காமல் நின்றார்கள். மடியில் என் புகையிலை டப்பா. அதைத் திறந்து மூன்று கண்ணாடிகளின் துண்டுகளையும் தரையில் வைத்தேன். மூன்றிலும் எண் ஏழு. மூன்றிலும் அக்டோபர் 27. அவற்றில் இரண்டு கண்ணாடிகளில் வாத்தை வரைந்தது நான்.

ராஜநாகம், பேரழிவு, கடல் பொங்குவது என்று எல்லாம் வாய் வரை வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

"சுவர் விழும்மா. எந்திரிச்சுப் போயிருங்க."

ஒருத்தி சிரித்தாள். அடுத்தவள், இன்றைக்கு முகூர்த்தம் இருக்கிறது, நாளைக்கு விளையாடலாம் என்று பூக்கூடையை இறக்கினாள். இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறக்கிய கூடையை மறுபடி அந்தப் பெண்ணின் தலையில் தூக்கி வைத்தாள்.

"நடங்கட்டி. வெளிய நடங்க."

"எதுக்குக்கா? அண்ணாச்சி சொல்லுததப் போயி..."

"அவிய சின்னதாப் பேசுதாவ. பாக்கலையா நீ? இருவது வருசத்துல இவிய நாலு வார்த்தையில நிறுத்தி நான் கேட்டதில்ல."

ஒன்பது பேரும் மழையில் இறங்கி உப்புக் கிட்டங்கி வாசலுக்குப் போனார்கள். பூவெல்லாம் நனைந்தது. இசக்கி கடைசியாகப் போனாள். பலகையை எடுத்துக்கொண்டு வரவா என்று கேட்டேன். பலகை கிடக்கட்டும், முதலில் நீங்கள் எழுந்திருங்கள் என்றாள்.

நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தே போனேன். டப்பாவை ஆவுடையின் மேசையில் வைத்தேன். துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் எண்களையே பார்த்தாள். எந்தெந்தத் தேதியில் உடைந்தது என்று மட்டும் கேட்டாள். நவம்பர் 10, 18, 24. எழுதிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து கைப்பேசியில் ஆட்களைக் கூப்பிட்டபடி என்னைத் தாண்டிப் போனாள்.

மாலைக்குள் தாழ்வாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். என்னையும் மாடியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆவுடையின் வீட்டு முன்னறையில் இருந்து இதை எழுதுகிறேன்.

நவம்பர் 26, புதன்

பிற்பகல் மூன்றே கால். கிழக்குத் தாழ்வாரத்தின் கூரை, உத்திரக் கட்டை நான்கு, மேலே இருந்த செங்கல் பாவிய தளம், சுவரின் மேற்பாதி. ஒருவரும் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

மழை இல்லை. பலாப்பலகை இரண்டாகப் பிளந்து கிடந்ததாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஆவுடை கூப்பிட்டனுப்பினாள். போனேன். விழுந்த உத்திரக் கட்டைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தேக்கு. ஒரு முனை இரும்பு மாதிரி இருக்கிறது. சுவருக்குள் இருந்த மறுமுனையைக் கையால் கிள்ளினால் ஈரச் சோறு மாதிரி வருகிறது. சுவர் தானாக வலுவிழக்கவில்லை, வருஷக்கணக்காகத் தண்ணீர் குடித்திருக்கிறது என்றாள். பெருமழைக்கு மறுநாள்தான் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி உடைந்திருக்கிறது, நான் கொடுத்த தேதிகளில் அது தெரிகிறது என்றாள். மற்ற மூன்று பக்கச் சுவர்களிலும் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஆக நோய் இந்த ஒரு மூலையில்தான்.

இடிபாட்டுக்கு நடுவில் கிழக்குச் சிங்கத்தின் தலை முகம் மேலே பார்க்கக் கிடந்தது. மூக்கு மட்டும் போயிருந்தது. ஆவுடை குனிந்து அதன் வாய்க்குள் கம்பியால் தட்டினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் கல் மாதிரி சிமெண்ட்.

"மாடித் தண்ணி போக இதுதான் வழி. இத யாரு மாமா அடைச்சது?"

அது தானாக மூடிக்கொண்டது என்றேன். உனக்கு அப்போதே சொல்லியிருக்கிறேனே என்றேன்.

அவள் கம்பியைக் கீழே போட்டாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் களைத்த முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வராமலே போய்விட்டது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இசக்கி நின்றுகொண்டிருந்தாள், பலகையின் பாதியைத் தேடி வந்தவள். அவளுக்குக் கேட்டிருக்கும். ஆவுடை நகர்ந்ததும், என்னைப் பார்க்காமல் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க வீட்டுல அவிய செத்து நாலாம் வருசம். அந்த ஐப்பசியில இருந்து நான் இங்க நனையல. யாரு, என்னன்னு ஒருத்தர்ட்டயும் நான் கேட்டதில்ல."

பலகைத் துண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 1, திங்கள்

ஆவுடை வீட்டில் டீ நன்றாக இருக்கிறது. படிகள் மூன்றே மூன்று. தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

நாற்பதாம் நாள்.

கிழக்குப் பக்கத்தில் மிச்சம் நிற்பதை முறையாகப் பிரித்து எடுத்துவிடுவது, மற்ற மூன்று பக்கங்களையும் இடிக்காமல் முட்டுக்கொடுத்து நிறுத்துவது, இன்னொரு நாற்பது நாள் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அதற்காக ஆவுடை மேலதிகாரிகளிடம் நின்றுகொண்டே மூன்று மணி நேரம் பேசினாளாம். பொய்யான நோட்டை நம்பியதற்கு அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மேசையில் பார்த்தேன்.

புதிதாக ஒன்பது கண்ணாடிகள் பதித்தாயிற்று. பார்க்கும் பொறுப்பு இசக்கிக்கு. முழுசாக இருந்தால் ஒரு கோடு, உடைந்தால் ஒரு பெருக்கல் குறி. அவளுக்கு எழுதத் தெரியாதே என்றேன். அதுதான் தகுதி என்றாள் ஆவுடை. பூக்காரிகள் இப்போது மேற்குக் கூடத்தில் இருக்கிறார்கள். மதிய வெயிலுக்கு ஓலைத் தட்டி கட்டியிருக்கிறார்கள். பூ முன்போலத் தாங்கவில்லை. பத்து மணிக்கே முடித்துக்கொள்கிறார்கள்.

இந்த நோட்டை நாளை ஆவுடையிடம் ஒப்படைக்க வேண்டும். விளக்கக் கடிதத்தோடு இணைக்கப் போகிறாள். எட்டுத் தலைவர்களின் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரியாததால், வெறும் சுவரைப் பார்த்துச் சொல்கிறேன்.

அறுநூறு வண்டிக் கருப்பட்டி பொய். இலங்கை வரை கேட்கும் என்றது பொய். நாகமும் மாணிக்கமும் ஆவியும் பொய். நவம்பர் 10 தொடங்கி 23 வரை பன்னிரண்டும் முழுசு என்று எழுதியதும் சொன்னதும் எல்லாம் பொய். அதில் பொறியாளர் ஆவுடைநாயகிக்கு எந்தப் பங்கும் இல்லை. அவள் கேட்டாள், நான் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். சிங்கம் கூச்சப்பட்டு வாயை மூடியது என்பதும் பொய். அதற்கு ஏது கூச்சம்? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் மொட்டைமாடி விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு சட்டி சிமெண்டை அதன் தொண்டையில் அப்பியவன் நான். தண்ணீர் வேறு எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

கீழே ஒரு பெண் நனைந்துகொண்டிருந்தாள் என்பது மட்டும் உண்மை.